மழுங்கும் கத்தியைத்தான் வாங்க வேண்டும்

தூத்துக்குடிச் சந்தையில் மீன் அறுக்கிற அக்காமாரைக் கவனித்துப் பாருங்கள். கையில் கத்தி இருக்காது. அருவாமனையைக் காலால் அமுக்கிக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்து அலகில் கொடுப்பார்கள். கத்தி நிற்கும், மீன் நகரும். வஞ்சிரத்தை நடுமுள்ளோடு சேர்த்துத் துண்டு போட இதை மிஞ்சிய கருவி கிடையாது. முள்ளில்லாமல் சதையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் எல்லாம் தலைகீழ். மீன் பலகையில் கிடக்கும். கத்திதான் முள்ளோரமாக ஊர்ந்து போக வேண்டும். முள்ளென்றால் முகம் சுளிக்கிற பேரப்பிள்ளைகள் வந்த பிறகு, நம் வீடுகளிலும் இந்த ஃபில்லட் கத்தியைத் தேடுகிறார்கள். மீன் ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவன் என்பதால் சொந்தபந்தமெல்லாம் என்னிடம்தான் கேட்கும்: “மாமா, மழுங்கவே மழுங்காத கத்தி எது?”

கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி.

எஃகின் குணம் அப்படி. கடினம் கூடக்கூடக் கூர் நெடுநாள் நிற்கும். கூடவே நொறுங்கும் குணமும் சேரும். கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள். ஜப்பானியக் கத்திகள் பலவும் 60, அதற்கு மேலும் போகும். மெல்லிய அலகு அவ்வளவு கடினமாக இருந்து, பழகாத கை அதை எலும்பில் திருகினால், விளிம்பு பல் பல்லாக உதிர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய வீட்டில் ஆள் கிடையாது. 55 முதல் 58 வரையுள்ள கத்தி சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் நொறுங்காமல் விளிம்பு மடங்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப எழுந்துவிடும். ஐரோப்பியக் கத்திகள் பலவற்றில் அரை சதவீதம் கரியும் 15 சதவீதம் குரோமியமும் கலந்த எஃகு இருக்கும். வீட்டுக்கு அது தாராளம்.

துரு விஷயமும் உண்டு. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல உலோகம் தேடப்போய்த் துருப்பிடிக்காத எஃகில் வந்து நின்றார். இதில் கத்தி செய்யலாமே என்றதற்கு, வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அந்த ஊரிலேயே கேலி பேசினார்கள். பதம் கொடுக்கும் பக்குவம் பிடிபட்ட பிறகு கேலி அடங்கியது. நம் பட்டறைக் கொல்லர் லாரிப் பட்டையில் அடித்துத் தரும் கத்தி கூரில் குறைந்ததல்ல. ஆனால் உப்புத் தண்ணீரும் எலுமிச்சையும் பட்டதும் கறுக்கும். தினமும் துடைத்து எண்ணெய் தடவுகிற வீடு என்றால் அதையே வாங்குங்கள். சிங்க்கில் போட்டுவிட்டு சீரியல் பார்க்கிற வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. அதையும் இரவு முழுக்க உப்பில் ஊறவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அடுத்தது வளைவு. கொடுவா மீனைப் படுக்கவைத்து, செவுளுக்குப் பின்னால் நடுமுள் தட்டும் வரை இறக்கி, அலகை வால் பக்கம் திருப்புங்கள். நல்ல கத்தி முள்ளின் மேலே லேசாக வளைந்து படுத்துக்கொண்டு போகும். விலா முள் ஒவ்வொன்றும் நுனியில் ‘டிக் டிக்’கென்று விரலுக்குத் தெரியும். விறைத்த கத்தி அந்த இடத்தில் ஒன்று முள்ளை அறுக்கும், அல்லது அரை விரல் கனத்துக்குச் சதையை முள்ளிலேயே விட்டுவிட்டுப் போகும். கடையில் நுனியைப் பலகையில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் கீழே வைத்துவிட்டு வாருங்கள். சங்கரா, விளைமீன் அளவுக்கு 6, 7 அங்குலம் போதும். பெரிய மீனுக்கு 8, 9, அதுவும் கொஞ்சம் விறைப்பாக. ஜப்பானியர் ‘தேபா’ என்று முதுகு தடித்த, வளையவே வளையாத கத்தியால் இதே வேலையைப் பிசகில்லாமல் செய்கிறார்கள். அது ஆயுசுக்கும் பழகிய கை. வளையாத கத்தியில் கைதான் கோணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிடியைப் பார்க்கும்போது கையை நனைத்துக்கொண்டு பாருங்கள் என்பேன். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். மீன் வழுவழுப்பில் கை முன்னால் வழுக்கினால் விரல் போய் நிற்கும் இடம் அலகு. அதனால் பிடி முடியும் இடத்தில் ஒரு தடுப்புப் புடைப்பு அவசியம். பின்லாந்து ரபாலா கத்தி பிர்ச் மரப்பிடியும் தோலுறையுமாகக் கொள்ளை அழகு, ஆசைக்கு வாங்கலாம். ஏற்றுமதி ஆலையில் மரப்பிடிக்கு இடமே கிடையாது. ஈரத்தில் வெடித்து, வெடிப்பில் அழுக்குத் தங்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடிதான் அங்கே. அழகில்லை, உழைக்கும்.

இனி கல். கத்திக்குக் கொடுக்கும் காசில் பாதிக்காவது தீட்டுகல் வாங்காதவர் கத்தியே வாங்க வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வதுண்டு. 1000 கிரிட் கல் ஒன்று போதும். தண்ணீர் விட்டு, கத்தி முதுகை மூன்று ஐந்து ரூபாய் நாணயம் அடுக்கிய உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தால், இரண்டு செ.மீ. அகல அலகுக்கு ஏறக்குறைய 15 பாகை வரும். எதிர்ப்புறம் பிசிறு விரலில் தட்டும் வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். காய்ந்த சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. மழுங்கினதோடு அறுப்பதும் ஆகாது. கையை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கின கத்திதான். அழுத்துகிறோம், அது எங்கேயோ வழுக்குகிறது.

ஆள் தேர்விலும் எனக்கு இதே கணக்குத்தான். பேரனுக்குப் பெண் பார்த்தபோது, இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று வீடே விசாரித்தது. சண்டை வந்தால் மறுநாள் பேசிக்கொள்வார்களா என்று நான் கேட்டேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரி முறைத்தாள். சண்டை வராத வீட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் விடிந்ததும் காபி போட்டுக் கூப்பிட்டுக்கொள்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பாத்திரம் நிறைய உருண்டிருக்கும்.

தோல் உரிப்பதைச் சொல்லாமல் விட்டேனே. வால் பக்கத்துத் தோலை உப்புத் தொட்ட விரலால் இறுக்கிப் பிடித்து, அலகைப் பலகையோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துவிடுங்கள். கத்தியை முன்னால் தள்ளாமல் தோலை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தால் தானாக உரியும். சதையின் நடுவில் விரலை ஓட்டினால் சின்ன முள் நெருடும். சாமணத்தால் தலைப் பக்கம் சாய்த்துப் பிடுங்க வேண்டும். ஒரு கிலோ மீனில் பாதிகூடச் சதையாகத் தேறாது. அதற்காகத் தலையையும் முள்ளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். குழம்பின் ருசியே அதில்தான். நெத்திலிக்கு மட்டும் எந்தக் கத்தியும் வாங்க வேண்டாம், கட்டைவிரல் நகம் போதும்.