ஆன்டெனா யார் செலவு?

டவர் நட்டு, கேபிள் போட்டு, அதைப் பராமரிக்க ஒரு கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பெட்டி வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டால்? இந்த யோசனைக்கு 2022 கடைசியில் 'டீபின்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர்தான் புதுசு, சமாச்சாரம் பழசு.

ஸ்பெயினில் கட்டலோனியா பக்கம், 2004. பண்ணை வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொண்டுவர டெலிபோன் கம்பெனிகளுக்கு மனசில்லை (லாபம் வராதே!). ஊர்க்காரர்களே கூரைமேல் வைஃபை ஆன்டெனா வைத்து வீட்டுக்கு வீடு இணைத்துக்கொண்டார்கள். அதுதான் கிஃபி.நெட். பிற்பாடு ஃபைபரும் போட்டு, 30 ஆயிரம் இணைப்பு முனைகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதில் தொழில் நடத்தும் கம்பெனிகள், யார் எவ்வளவு முதல் போட்டார்கள், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று பார்த்துத் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கின்றன. பார்ட்னர்ஷிப் கணக்குப் போட்டவர்களுக்கு உடனே புரியும். முக்கியமான விஷயம், அங்கே ஆன்டெனா வைத்தவருக்கே இன்டர்நெட் தேவையாக இருந்தது.

2019-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஹீலியம் ஆரம்பித்தபோது இது தலைகீழானது. பெட்டி விலை 495 டாலர். தண்ணீர் மீட்டர், நாய்க் கழுத்துப்பட்டை மாதிரிச் சின்னக் கருவிகள் அனுப்பும் துளித்துளித் தகவலை அது வாங்கி அனுப்பும். லோராவான் என்ற ரேடியோ முறை. பெட்டி வைத்தவர் வீட்டில் அப்படி ஒரு மீட்டர் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அக்கம்பக்கத்துப் பெட்டிகள் ஒன்றையொன்று சோதித்து "சிக்னல் இருக்கிறது" என்று சாட்சி சொன்னால் போதும், எச்என்டி என்ற டோக்கன் கிடைக்கும். 2021 நவம்பரில் ஒரு டோக்கன் 50 டாலரைத் தாண்டியது. கேட்கவா வேண்டும்! பெட்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டி டோக்கன் கறந்தவர்களும் உண்டு.

2022 நடுவில் பெட்டிகள் 9 லட்சத்தை நெருங்கின. அப்போது தகவல் அனுப்பியதற்காக வாடிக்கையாளர் கட்டிய பணம் மாதத்துக்குச் சுமார் 6,500 டாலர் என்று வெளியே வந்தது. வகுத்துப் பாருங்கள், பெட்டிக்கு ஒரு சென்ட்கூடத் தேறாது! அப்படியானால் அதுவரை பெட்டிக்காரர்கள் கையில் வந்தது வாடிக்கையாளர் பணம் அல்ல. டோக்கனைச் சந்தையில் புதிதாக வாங்க வந்தவர்களின் பணம். அதை வருமானம் என்று எழுதுவது எந்தக் கணக்குப்படியும் சரியில்லை. அந்த வருடக் கடைசியில் டோக்கன் 3 டாலருக்கும் கீழே கிடந்தது. உச்சத்தில் பெட்டி வாங்கிய பலருக்குப் போட்ட முதலே திரும்பவில்லை.

பித்தலாட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் ஹீலியம் அதற்குப்பிறகுதான் ஆள் தேவைப்படும் சரக்கைப் பிடித்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கா முழுக்க மாதம் 20 டாலருக்கு செல்போன் பிளான். தன் வைஃபை எட்டாத இடத்தில் டி-மொபைல் டவர். 2025-ல் ஏடி அண்ட் டி வாடிக்கையாளர்களும் ஹீலியம் வைஃபையில் இணைய ஒப்பந்தம். இப்போது டேட்டாவுக்குப் பணம் கட்ட நிஜமான ஆள் இருக்கிறார்.

ஒரே சிக்கல், செல்போன் டேட்டாவுக்கு வேறு வைஃபை பெட்டி வேண்டும். 2021-ல் வரிசையில் நின்று வாங்கிய அந்த லோராவான் பெட்டியில் அது ஓடாது.