கட்டின பணத்துக்கே பயந்த பையன்

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்காக இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். இதில் என் தப்பும் இருக்கு.

1. ஒரு நவம்பர் மாதம், ராத்திரி பதினொன்றரை மணி. இங்கிலாந்தில் லெஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கும் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மாமா, தொப்புளைச் சுத்தி வலிக்குது. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டேன்."

2. "வெளியில என்னடா சாப்பிட்ட?"ன்னு கேட்டேன். "ஃப்ரைட் ரைஸ்"னான். கேஸ்னு முடிவு பண்ணிட்டேன். ஊருக்குப் போகும்போது நான் கட்டிக் கொடுத்த மருந்து டப்பாவில் இருந்து பாண்டப்ரசோல் போடச் சொல்லிட்டுப் படுத்துட்டேன். வயித்துல கை வச்சுப் பார்க்காம வயித்துவலிக்கு மருந்து சொன்னேன். என் கிளினிக்குக்கு வர்ற நோயாளிக்கு அப்படிச் செய்வேனா?

3. மறுநாள் ராத்திரி அக்கா அழுதுக்கிட்டே கூப்பிட்டாங்க. வலி வலது அடிவயித்துக்கு இறங்கியிருக்கு. காய்ச்சல். நிமிர்ந்து நடக்க முடியலை. இதைக் கேட்டால் எம்.பி.பி.எஸ். மாணவனே சொல்லிடுவான், அப்பெண்டிசைடிஸ்னு. அவனுக்கு போன் போட்டு, "உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடா"ன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும் மாமா? அப்பா ஏற்கனவே லோன் கட்டிக்கிட்டு இருக்கார்."

4. அமெரிக்காவில் படிக்கும் நண்பன் சொன்ன எமர்ஜென்சி பில் கதை அவன் மண்டையில் ஓடிக்கிட்டு இருந்தது. ஆனால் இவன் இருப்பது இங்கிலாந்து. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் கட்டியாச்சு. மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்பு, அது முடிந்தபின் தரும் நாலு மாதம், சேர்த்து ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஏஜென்ட் கட்டச் சொன்னார், கட்டினார்கள். எதுக்குன்னு வீட்டில் யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

5. ரூம்மேட்டை விட்டு 111க்கு போன் பண்ண வச்சேன். அன்னைக்கே ஆபரேஷன். அதற்குள் குடல்வால் வெடிச்சிருந்தது. ஆறு நாள் வார்டில் இருந்தான். பில்? பூஜ்யம். முதல் ராத்திரியே போயிருந்தா வெடிக்கும் முன்னாடியே எடுத்திருக்கலாம். பிழைச்சு வந்துட்டான். ஆனா அந்த ஒரு நாள் என் கணக்கில்தான் இருக்கு.

6. இங்கிலாந்து போகிறவர்களுக்கு:
• போன முதல் வாரமே ஜி.பி. கிளினிக்கில் பெயரைப் பதியுங்கள். பதிவு இலவசம். நம்ம பையன் ரெண்டு மாசமாகியும் பதியலை.
• அவசரம், ஆனா உயிருக்கு ஆபத்து மாதிரி இல்லைன்னா 111. உயிருக்கு ஆபத்துன்னா 999. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும், இலவசம்.
• ஆங்கிலத்தில் வலியை விளக்கத் தெரியலைன்னா மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.
• மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு இவ்வளவுன்னு கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. வருமானம் குறைந்த மாணவர்கள் எச்.சி.1 படிவம் போட்டுச் சலுகை கேட்கலாம்.
• பல், கண்ணாடிக்குத் தனிச் செலவு. போகும் முன்னாடியே இங்கே பல்லைக் காட்டிட்டுப் போங்க.

7. ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஆஸ்திரேலியாவில் விசா காலம் முழுக்க ஓ.எஸ்.எச்.சி. காப்பீடு கட்டாயம். ஏற்கனவே இருக்கும் வியாதிகள் பலவற்றுக்கு அதில் 12 மாதம் காத்திருப்பு உண்டு. அமெரிக்காவில் காப்பீடு இருந்தாலும் டிடக்டிபிள்னு ஒரு தொகை வரை நம்ம கையிலிருந்துதான் போகும். எந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருக்குன்னு உடம்பு நல்லா இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

8. சூட்கேஸில் ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் வைக்கிறோம். கூடவே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன காப்பீடு, எந்த நம்பருக்கு அடிக்கணும், எது இலவசம், எதுக்குக் காசு.

9. பெற்றோர்களே, பிள்ளைக்கு முடியலைன்னா ஊரில் இருக்கும் டாக்டர் மாமாவுக்கு போன் போடுங்க, தப்பில்லை. ஆனா அது இரண்டாவது போனா இருக்கட்டும். இப்போல்லாம் வெளிநாட்டில் இருந்து யார் கூப்பிட்டாலும் நான் மருந்து பேர் சொல்றதில்லை. "அங்கே யார்கிட்ட காட்டின?"ன்னுதான் முதலில் கேட்கிறேன்.

செப்டம்பரில் விமானம் ஏறப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்புங்க.