கம்பி அங்கேயே இருக்கணும்

வீங்கிய கணையம் அப்பாவின் முன்சிறுகுடலை நெருக்கிக்கொண்டிருந்தது. கஞ்சித் தண்ணி கொடுத்தாலும் வாந்தி. ரத்தக்குழாய் வழியாகவே சத்து ஏற்றிவிடலாமே என்று கேட்டேன். டாக்டர் தலையாட்டி மறுத்தார். பட்டினி கிடக்கும் குடலின் சுவர் பலவீனமாகிவிடும். கிருமிகள் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். கணையத்தைச் சுற்றிச் செத்துக் கிடக்கும் திசுவில் சீழ் பிடிக்கும். "குடலுக்கு வேலை கொடுக்கணும் தம்பி. அடைப்பைத் தாண்டிப் போய்க் கொடுக்கணும்."

தாண்டி என்றால் ட்ரைட்ஸ் தசைநாருக்கும் அப்பால். மூக்கிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு 10 பிரெஞ்ச் அளவுக் குழாய், அதாவது சுமார் 3.3 மில்லிமீட்டர் தடிமன்.

முதல் தடவை குழாயின் நுனியில் நூலால் கண்ணி கட்டி, எண்டோஸ்கோப்புக்குள் விட்ட இடுக்கியால் அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனார்கள். போவதில் சிக்கல் இல்லை. எண்டோஸ்கோப்பைத் திரும்ப உருவும்போது உராய்வில் குழாயும் கூடவே வரும். வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் சுருண்டு கிடந்தது. நூலைக் குடல் சுவரோடு கிளிப் போட்டு நிறுத்துவதும் உண்டாம். (டெர்மினலை மூடினதும் சர்வரும் சேர்ந்து விழுகிற கதை எங்கள் வேலையிலும் உண்டு.)

இரண்டாவது தடவை கம்பி. எண்டோஸ்கோப் வழியாக வழுக்கும் கம்பியை ஆழமாக விட்டு, எண்டோஸ்கோப்பை எவ்வளவு உருவுகிறார்களோ அவ்வளவு கம்பியை உள்ளே தள்ளவேண்டும். "கம்பி அங்கேயே இருக்கணும், நாம மட்டும் வெளிய வரணும்," என்றார் டாக்டர். இப்போது கம்பி வாய் வழியாக நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கில் ஒரு சின்னக் குழாயை விட்டு, அதைத் தொண்டையிலிருந்து வாய்க்கு எடுத்து, கம்பியை அதற்குள் கோத்து மூக்கு வழியே இழுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் அதன்மேல் உணவுக்குழாய் ஏறும். எனக்கு இந்த வாய்-மூக்கு மாற்றம்தான் பிடித்தது. பாவாடைக்கு நாடா கோக்கிற வித்தை.

மாதக்கணக்கில் தேவையென்றால் வயிற்றில் துளை போடுவார்கள். காடரரும் பான்ஸ்கியும் கிளீவ்லாந்தில் 1979இல் எண்டோஸ்கோப் துணையோடு ஒரு கைக்குழந்தைக்கு முதலில் செய்தது அது. அப்பாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

எண்ணூர் வீட்டில் காலண்டர் ஆணியில் பை தொங்கியது. இரைப்பைபோலக் குடலுக்குச் சேர்த்துவைக்க இடம் கிடையாது. வேகமாக விட்டால் வயிறு முறுக்கிப் பேதியாகும். சொட்டுச் சொட்டாகத்தான். நாலு மணிக்கொரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவணும். மாத்திரையைப் பொடித்து விட்டால் அடைத்துக்கொள்ளும்.

அம்மா மீன் வாங்குவதை நிறுத்தியிருந்தார். பக்கத்து வீட்டில் எறா வறுக்கும் வாசனை வந்த அன்று அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்களும் ஆக்கி சாப்டுங்கடா. மூக்குல ஒரு ஓட்ட இன்னும் ஃப்ரீயாத்தான் இருக்கு."