மூடி வைத்த கணக்கு

கடன்பட்டவனைக் கடனைவிட அதிகமாக வாட்டுவது ஒன்று உண்டு. அது வெட்கம். வெட்கத்தினால் கணக்கை மூடி வைக்கிறோம். மூடி வைத்த கணக்கோ வளர்ந்துகொண்டே போகிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மயிலாடுதுறை மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். நான் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டிருந்த சம்பா நீரில் மூழ்கி அழுகியது. அதற்கு முன்பே ஒரு நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் வாங்கியிருந்தேன். அதன் தவணையைக் கட்ட, வெளியில் ஐந்து வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினேன். பிறகு தவணையும் நின்றது. தொலைபேசி ஒலித்தால் வயலுக்குப் போய்விடுவேன். வந்த கடிதங்களைப் பிரிக்காமலே பரணில் போட்டேன்.

2024 தொடக்கத்தில் அந்நிறுவனத்தார், "நிலுவை 1,20,000 ரூபாயில் 80,000 கட்டினால் போதும்" என்றனர். உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டினேன். நாற்பதாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்தேன். சில மாதங்கள் கழித்துக் கறவை மாடு வாங்க வங்கியில் கடன் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது. கடன் தகவல் அறிக்கையில் என் கணக்கு 'முடிந்தது' என்று இல்லை. 'குறைத்துத் தீர்க்கப்பட்டது' என்றிருந்தது. 300 முதல் 900 வரை செல்லும் மதிப்பெண்ணில் நான் மிகவும் தாழ்ந்திருந்தேன். வங்கி கைவிரித்தது.

அன்றிரவு என் துணைவி பரணிலிருந்த கடிதங்களை இறக்கிவைத்து, "ஒளித்து வைத்தால் குறையுமாங்க? எழுதுங்கள்" என்றாள். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். நூற்றுக்கு மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது! ஐம்பதாயிரத்துக்கு மாதந்தோறும் 2,500 ரூபாய் வட்டி மட்டும் கொடுத்து வந்திருக்கிறேன். முதலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவள் தன் ஒரு பவுன் சங்கிலியைக் கழற்றினாள். அடகு வைக்கவில்லை; விற்றோம். அடகு வைத்தால் அதுவும் ஒரு கடனல்லவா? ஐந்து வட்டிக் கடன் அன்றோடு ஒழிந்தது.

வட்டிக்குப் போன பணம் இப்போது கையில் நின்றது. அவளுடைய தையல் வருமானத்தையும் சேர்த்து, நிறுவனம் விட்டுக்கொடுத்த நாற்பதாயிரத்தையும் எட்டுத் தவணைகளில் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்றேன். உறவினரின் கைமாற்றையும் சிறுகச் சிறுகத் தீர்த்தோம். அறிக்கையில் கணக்கு 'முடிந்தது' என மாறியது. பழைய தாமதங்களின் தடம் ஒரே நாளில் அழிவதில்லை. ஆயினும் பின்னர் வாங்கிய சிறு கடனின் தவணைகளை நாள் தவறாமல் கட்டக் கட்ட, மதிப்பெண் மெல்ல ஏறிற்று.

வாசக அன்பர்களே, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். பிழையிருந்தால் முறையிடுங்கள், முப்பது நாட்களுக்குள் தீர்க்காவிடில் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

எங்கள் தொழுவத்தில் இன்று ஒரு பசு நிற்கிறது. அதற்கான தவணைச் சீட்டு பரணில் இல்லை. எல்லாரும் பார்க்கும்படி அடுப்படிச் சுவரில் தொங்குகிறது.