ஒட்டு மரமும் கொட்டைக் கன்றும்

"அக்காளைப் பார்த்தாவது படிக்கக் கூடாதா?" என்று என் இளைய மகளை நான் கேட்காத நாளில்லை. ஒரு நாள் அவள் கண் கலங்கி, "அக்கா மாதிரியே இன்னொண்ணு வேணும்னா, என்னை ஏம்ப்பா பெத்தீங்க?" என்று கேட்டுவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் போதிக்கும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

திண்ணையில் இருந்த என் தகப்பனார்தாம் பதில் சொன்னார். பேராக் தோட்டங்களில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர் அவர்.

"ஒரே மரத்துக் கொட்டைய நட்டாலும் ஒண்ணு பால் கொட்டும், ஒண்ணு சொட்டும். ஒரே மாதிரி வேணும்னா ஒட்டுக் கட்டணும். பிள்ளைங்க என்ன ஒட்டு மரமாடா?"

அவர் சொன்னது முழு அறிவியல். ரப்பர் மரத்தின் உயிரணுவில் 18 ஜோடிக் குரோமோசோம்கள் உண்டு. நமக்கு 23 ஜோடி. ஜோடியில் ஒன்று தாய் வழி, மற்றது தந்தை வழி. மகரந்தமோ கருமுட்டையோ உருவாகும் வேளையில், ஜோடிகள் நெருங்கி நின்று தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன் பிறகே பிரிந்து, பாதிப் பங்கு செல்கிறது. ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுவது போலத்தான். அதனால் ஒரு கொட்டை போல் மறு கொட்டை இராது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் அப்படியே.

ஒட்டுக் கட்டும்போது இந்தக் கலப்பே இல்லை. நல்ல மரத்தின் மொட்டுள்ள பட்டைத் துண்டை இளங்கன்றில் பொருத்துகிறோம். அந்த மொட்டே அதே குணமுள்ள மரமாக வளர்கிறது.

அப்படியானால் ஒட்டு மரம்தானே உயர்ந்தது என்பீர்கள். பொறுங்கள். நம்மவர்கள் சீவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 எங்கிருந்து வந்தது? ஜாவாவின் 'ட்ஜிர் 1' மரத்தையும், இன்று புத்ராஜெயா நிற்கும் மண்ணிலிருந்த பிராங் பெசார் தோட்டத்தின் 'பி.பி. 86' மரத்தையும் இணைத்ததில் முளைத்த ஒரு கொட்டைக் கன்று அது! அதன் மொட்டுகளே பின்னர் தாய்லாந்து வரை காடு காடாய்ப் பரவின. கோலகங்சாரில் 1877-இல் நட்ட மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது; அதுவும் கொட்டையில் வந்ததே.

ஒட்டு மரம் தன் தாய் மரத்தைத் தாண்டாது. தாண்டுவதானால் கொட்டைக் கன்றுதான் தாண்ட வேண்டும்.

இப்போதெல்லாம் அக்காளின் மதிப்பெண்ணை நான் வீட்டில் எடுப்பதில்லை. பழைய சைக்கிளை அக்கக்காய்க் கழற்றி மறுபடி பூட்டுகிற சின்னவளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெற்றோரே, நீங்களும் உங்கள் கன்றை அடுத்த கன்றோடு அளக்காமல் பாருங்கள்.