கழுக்கோலின் மூக்கு

கூரை மரத்தில் முதலில் உளுத்துப்போவது அதன் நுனி. மரம் உயிரோடு நின்ற காலத்தில் வேரிலிருந்து நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் எல்லாம் குறுக்கே அறுத்த முகத்தில்தான் வாய் திறந்து கிடக்கின்றன. மழை நீரைப் பக்கவாட்டுப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக அது குடித்துவிடும். குமரி மாவட்டத்திலோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. சுவரைத் தாண்டி வெளியே நீளும் அந்த நுனியில் போய் இங்குள்ள தச்சர்கள் ஏன் இவ்வளவு உழைப்பைக் கொட்டி வளைவு செதுக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் தக்கலைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன்.

ஒரு வீட்டின் படிப்புரைக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. மதிலோடு சேர்ந்து, ஓட்டுக்கூரை போட்டு நிற்கும் வாசல்தான் படிப்புரை. ஆறு அங்குல அகலமும் மூன்று அங்குலக் கனமும் உள்ள அயனி மரக் கழுக்கோல்கள், அதாவது ஓட்டுக்கூரையைத் தாங்கும் சாய்மரங்கள், வரிசையாகக் கிடந்தன. மூத்தாசாரி ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மரத்தில் இயல்பாக இருக்கும் மேடு கூரையின் மேல்பக்கம் வரும்படி அடையாளமிட்டார். அவர் கையில் தச்சர்களின் அளவுகோலான முழக்கோல். ஒரு கோலுக்கு 24 விரல், ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். ஓட்டின் அளவை மட்டும் அங்குலத்தில் சொல்கிறார். வளைவுக்கு எப்போதும் விரல் கணக்குதான்.

“அழகுக்குன்னு நெனச்சீளா? மழைக்காக்கும் இது” என்றார்.

நுனியின் அடிப்பாகத்தை உள்வாங்கி வெட்டும்போது, அறுத்த முகத்தின் பெரும்பகுதி ஓட்டின் நிழலுக்குள் பின்வாங்கிவிடுகிறது. சாய்ந்தடிக்கும் சாரல் அதை எட்டுவது குறைகிறது. வளைவு தொடங்கும் இடத்தில் கூர்மையாக ஒரு படி விடுகிறார்கள். கழுக்கோலின் அடியில் வழிந்து வரும் நீர் அந்தப் படியில் தயங்கிச் சொட்டிவிடும். அறுத்த முகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் ஊறும்வரை பூசுகிறார்கள்.

வெட்டும் முறை எளிதாகத் தெரிகிறது. தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து இரண்டு பக்கமும் கோடு போடுகிறார்கள். பிறகு கோட்டைத் தொடும்வரை அரை அங்குலத்துக்கு ஒன்றாக நேர்வாள் வெட்டுகள். நடுவில் நிற்கும் சில்லுகளை உளி வைத்துத் தட்டினால் உதிர்ந்துவிடும். ஆனால் அதன்பின் உளி போகும் திசையில்தான் தேர்ச்சி தெரிகிறது. பள்ளத்தை இரண்டு கரையிலிருந்தும் அடிநோக்கியே செதுக்க வேண்டும். ஒரே போக்கில் ஏறி வந்தால் ரேகை பிய்ந்து மரம் சிலும்பும். இளைய தச்சர் ஜிக்சா இயந்திரம் வைத்திருந்தார். மூன்று அங்குலக் கனத்தில் அதன் மெல்லிய அலகு உள்ளே வளைந்துவிடுகிறது. மேலே கோட்டில் போகும்போதே கீழே விலகியிருக்கும். அதனால் அவரும் கோட்டுக்குச் சற்று வெளியே நிறுத்தி, மிச்சத்தை அரத்தால் கொண்டுவருகிறார். வளைகுடாவில் தோட்டப் பந்தல் வேலை செய்தவர் அவர். அங்கே ஒட்டுப்பலகை அச்சின்மேல் ரூட்டரை ஓட்டி நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி வெட்டுவார்களாம்.

வீட்டுக்காரர் கைபேசியில் ஒரு படம் கொண்டுவந்திருந்தார்: யானைத் துதிக்கைபோல் கீழே சுருண்டு இறங்கும் மெல்லிய நுனி. மூத்தாசாரி மறுத்துவிட்டார். ரேகை கழுக்கோலின் நீளவாக்கில்தான் ஓடும். கீழே தொங்கும் மூக்கில் அது குறுக்கே துண்டுபட்டு நிற்கும். “ஓடு மேயும்போது ஒருத்தன் கால் வச்சா போச்சு மக்களே. மூக்கு வேணும்னா தடிச்ச மூக்கா வச்சுத் தாரேன்.” வீட்டுக்காரரின் முகம் வாடியது. ஆனாலும் ஆசாரி சொன்னதுதான் சரி.

நான் அதிக நேரம் நின்றது மூலைக் கழுக்கோல்களுக்கு அருகில். கூரையின் மூலையில் கழுக்கோல்கள் விசிறியாக விரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளம் வேறு, சாய்வு வேறு. ஆனால் இறவாரம் கீழிருந்து பார்ப்பவருக்கு ஒரே கோடாகத் தெரிய வேண்டும். நேர்க் கழுக்கோலின் அச்சை அப்படியே வைத்தால் மூலையில் வளைவுகள் ஒன்றுக்கொன்று முரண்டு நிற்கும். மூத்தாசாரி தகர அச்சை ஒதுக்கிவிட்டு, அதன் உயரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நீளத்தைச் சாய்வுக்கேற்ப இழுத்துப் புள்ளிகள் வைத்தார். மூங்கில் சிம்பு ஒன்றைப் புள்ளிகள்மேல் வளைத்துப் பென்சிலை ஓட்டினார். பார்த்தார். ஒரு புள்ளியை நூலளவு கீழே இறக்கினார். மறுபடி வளைத்தார். கணக்கு முடிந்த பிறகும் கண் ஒன்று கேட்கிறது. அதைத் திருப்திப்படுத்தாமல் அவர் வாளைத் தொடவில்லை.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனை அங்கிருந்து மிக அருகில்தான். 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது. போகிறவர்கள் பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் மேற்கூரைப் பூக்களைப் பார்க்கிறார்கள். இறவாரத்து மூலைகளையும் அண்ணாந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

அந்தப் பட்டறையில் கூலி கழுக்கோல் எண்ணிக்கைக்குத்தான். நேரான கழுக்கோலுக்கும் மூலைக் கழுக்கோலுக்கும் ஒரே விலை. பின்னதற்கு வேலை மூன்று பங்கு. இளையவர் மூலை வேலையைக் கற்கத் தயங்குவதற்கு அதுவே காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். வீடு கட்டுகிறவர்கள் ஒப்பந்தம் எழுதும்போது மூலைக் கழுக்கோல்களைத் தனியாக எண்ணி, தனி விலை போட வேண்டும்.