ஜூரியில் உட்கார யாருக்கு இடம்?

நம்ம சிங்கப்பூர்லயும் ஒரு காலத்துல ஜூரி இருந்துச்சுன்னு இளையர்கள் நிறைய பேருக்குத் தெரியல. 1969 கடைசி வரைக்கும் இருந்தது. ஏழு பேர் உட்கார்ந்து, குற்றவாளியா இல்லையான்னு சொல்வாங்க. ஆனா ஆங்கிலம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்த நாற்காலி. துறைமுகத்துல மூட்டை தூக்கின நம்ம தாத்தாமார் விலக்கு கேட்கவே வேண்டியதில்லை, முதல்லயே விலக்கி வெச்சாச்சு! கூண்டுல மட்டும் நிக்கலாம். அவங்க தமிழ்ல சொன்னது மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாத்தான் அந்த ஏழு பேர் காதுக்குப் போகும். கடைசிப் பத்து வருஷம்போல மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் ஜூரி. ஒரு சொல் மாறினா உயிர்.

கேலாங் சிவன் கோயில்ல பிரதோஷத்தன்னிக்குப் பாத்திரம் கழுவும்போது, சக தொண்டூழியர் அம்மா ஒருத்தர் கேட்டாங்க. லண்டன்ல இருக்கிற மகனுக்கு ஜூரிக் கடிதம் வந்திருக்காம். (நாம காமன்வெல்த் குடிமக்கள், அங்க ஓட்டு உண்டு. அதான் பேர் வந்திருக்கு.) சிவராத்திரிக்கு வர டிக்கெட் எடுத்தாச்சு, "விலக்கு கிடைக்குமா தம்பி?"

முன்கூட்டியே பதிவு செஞ்ச பயணம்னா ஒரு தடவை தேதியைத் தள்ளிக் கேட்கலாம், 12 மாசத்துக்குள்ள போயாகணும். சமய குருமார்களுக்கு இருந்த விலக்கே 2004ல போயிடுச்சு. "தள்ளி மட்டும் கேட்கச் சொல்லுங்கம்மா, விலக்கு வேண்டாம்"னேன்.

அவங்க அப்பாவும் துறைமுகத்துல வேலை பார்த்தவர்தான்.